சதுர அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது கல்லுல இல்ல: லத்தீன் கல்வெட்டு படிக்க வர்றவங்களுக்கு

போன வாரம் புதுசா லத்தீன் கல்வெட்டு படிக்க வந்த நாலு பசங்களோட கட்டுரைய திருத்தினேன். நாலுலயும் ஒரே தப்பு, பத்து வருஷம் முன்னாடி நான் பண்ண அதே தப்பு, அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கல்லறைக்கல் ஆரம்பத்துல வர்ற டி, எம் ரெண்டு எழுத்தும் 'டிஸ் மானிபுஸ்', அதாவது இறந்தவங்களோட ஆவிகளுக்கு, அப்புறம் கான்சல்ங்கிறத (ரோம் அரசோட உயர்ந்த பதவி) 'ன்' விட்டுட்டு சுருக்கி வெட்டியிருப்பாங்க, இதெல்லாம் ஒரு மாசத்துல தானா பழகிடும். அத நான் சொல்லத் தேவையில்ல.

பதிப்பாசிரியர் நிரப்பினத ஆதாரமா எடுக்கறது

கல்வெட்டப் படிச்சு அச்சுல போடறவர்தான் பதிப்பாசிரியர். அதுக்கு இப்ப நாம பயன்படுத்தற அடைப்புக்குறி முறை 1931ல நெதர்லாந்துல இருக்கற லைடன்ல முடிவானது. வளைவு அடைப்பு போட்டிருந்தா, கல்லுல சுருக்கமா இருந்தத பதிப்பாசிரியர் விரிச்சிருக்கார்னு அர்த்தம். சதுர அடைப்புன்னா அந்த இடத்துல கல்லு உடைஞ்சோ தேஞ்சோ போச்சு, எழுத்தே இல்ல, அவர் யோசிச்சு நிரப்பினது. எழுத்துக்குக் கீழ புள்ளி வச்சிருந்தா அது அரைகுறையாத்தான் தெரியுது. இது எல்லாருக்கும் முதல் வகுப்புலயே சொல்லிக் குடுக்கறதுதான், ஆனா கட்டுரை எழுத உக்காந்ததும் மறந்துடுது.

நான் ரைன் கரை ராணுவ முகாம்கள்ல ஒரு பதவிப் பேரு எவ்வளவு பரவலா இருந்துச்சுன்னு எழுதிட்டு இருந்தேன். ஆன்லைன் டேட்டாபேஸ்ல தேடினேன், 7 கல்லு வந்துச்சு, சந்தோஷமா ஒரு அத்தியாயமே எழுதிட்டேன். அப்புறம் ஒரு மியூசியத்துல அந்த ஏழுல ஒரு கல்லு முன்னாடி போய் நிக்கறேன், அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்துல கல்லே இல்ல, பின்னாடி சுவர் தெரியுது. திரும்பி வந்து ஏழையும் பழைய பதிப்புல ஒண்ணொண்ணா பாத்தா, வார்த்தை நிஜமா கல்லுல இருந்தது 3ல மட்டும்தான். மத்த நாலும் அந்த மூணப் பாத்து 'இங்கயும் அதுதான் இருந்திருக்கும்'னு ஒரு பதிப்பாசிரியர் நிரப்பினது. நான் அந்த நாலயும் சேத்து எண்ணி 'பரவலா இருந்துச்சு'ன்னு முடிவு கட்டியிருக்கேன், அதாவது அவரோட ஊகத்த அவரோட ஊகத்துக்கே சாட்சியா நிறுத்தியிருக்கேன். எட்டு மாச வேலை போச்சு.

எனக்கு இன்னும் கோவம் வர்றது எதுக்குன்னா, சில டேட்டாபேஸ் தேடும்போது அடைப்புக்குறியக் கணக்குலயே எடுக்காது, அங்கருந்து காப்பி பண்றவங்க 'படிக்க அசிங்கமா இருக்கு'ன்னு குறிகள எடுத்துடறாங்க, அவங்க கட்டுரையிலருந்து அடுத்தவர் எடுக்கறாரு, மூணாவது ஆள்கிட்ட வரும்போது ஊகம் உண்மையாயிடுது.

கொலோசியமே பாருங்க. அஞ்சாம் நூற்றாண்டுல லம்பாடியுஸ்ங்கிற நகரத் தலைவர் பேர்ல எழுத்து வெட்டின ஒரு கல்லுல, அதுக்கு முன்னாடி பதிச்சிருந்த வெண்கல எழுத்துகளோட ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கு. 1995ல கேஸா ஆல்ஃபோல்டிங்கிற ஆய்வாளர் அந்த ஓட்டைகள வச்சு, 'பேரரசர் வெஸ்பாசியன் போர்க்கொள்ளைப் பணத்துல இந்தப் புது ஆம்ஃபிதியேட்டரக் கட்டச் சொன்னார்'னு ஒரு வாசகத்த மீட்டார். அருமையான வேலை, நானும் ஏத்துக்கறேன். ஆனா 'ஜெருசலேம் கொள்ளையில கட்டினதா கல்வெட்டே சொல்லுது'ன்னு எழுதறாங்களே, மீட்ட வாசகத்துலயே ஜெருசலேம் கிடையாது! எந்தப் போருங்கிறது இன்னொரு ஊகம்.

அதனால ஒரு கல்வெட்ட மேற்கோள் காட்டினா குறிகளோட காட்டுங்க. சதுர அடைப்புக்குள்ள இருக்கற எல்லாத்தையும் பேனாவால அடிச்சிட்டு மிச்சத்த மட்டும் படிங்க, உங்க வாதம் அப்பவும் நிக்குதான்னு பாருங்க. போட்டோ கிடைச்சா உடைஞ்ச இடத்துல அத்தன எழுத்து கொள்ளுமான்னு அளந்து பாருங்க, ஐ பிடிக்கற இடமும் எம் பிடிக்கற இடமும் ஒண்ணு இல்ல.

பேர் இருந்தா அவர்தான் கட்டினார்னு நினைக்கிறது

ரோம்ல இருக்கற பாந்தியன் கோயில் முகப்புல மூணாவது தடவை கான்சலான மார்க்குஸ் அக்ரிப்பா கட்டினதா இருக்கு. இப்ப நிக்கிற கட்டடம் அவர் செத்து நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு வந்தது, பேரரசர் ஹாட்ரியன் காலத்துல முடிஞ்சது. அதச் சொன்னது செங்கல்லுல இருந்த முத்திரைங்க.

வேணும்னு அழிச்சத சேதம்னு தள்ளிடறது

ரோம் ஃபோரத்துல 203ல பேரரசர் செவெருஸுக்கு வச்ச வெற்றி வளைவுல நாலாவது வரிய உத்துப் பாருங்க. தம்பி கெட்டாவக் கொன்ன பிறகு செவெருஸோட மூத்த மகன் கரகல்லா அவன் பேர எடுத்துட்டு வேற புகழ்ச்சி வார்த்தைய போட வச்சான். பழைய எழுத்தோட ஓட்டைங்க இன்னும் அங்கயே இருக்கு. இந்த மாதிரி அழிச்ச இடத்துக்குத்தான் இரட்டை சதுர அடைப்பு.

கல்லறைக்கல் வயச வச்சு சராசரி ஆயுள் போடறது

போடாதீங்க. சரியான வயசு தெரியாம 30, 40, 50ன்னு முழுசாக்கி எழுதினது ஏராளம், கைக்குழந்தைக்கு கல்லு வச்சவங்க கம்மி.

மியூசியம் சிவப்பு பெயிண்ட நம்பறது

எழுத்து தெரியறதுக்காக மியூசியத்துல அடிச்சிருக்கற அந்த சிவப்பு, பெயிண்ட் அடிச்சவர் எப்படி படிச்சாரோ அதுதான்.

டார்ச்ச நேரா அடிக்கறது

பக்கவாட்டுல, கல்லோட ஒட்டின மாதிரி அடிங்க.