பொலிட்டிகல் சயின்ஸ் ரிசர்ச் ஃபெல்லோவா சேர்ந்துட்டீங்களா, மொதல்ல வரிசையை எண்ணுங்க

இந்த மாசம் மட்டும் ஜூனியர்ஸ் நாலு பேரு கேட்டுட்டாங்க, "அக்கா, ப்ரொஃபசர்கிட்ட ரிசர்ச் ஃபெல்லோவா, அதாவது அவரோட ஆராய்ச்சிக்கு உதவியா சேர்ந்திருக்கேன், என்ன பண்றதுன்னே புரியல"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால எல்லாத்தையும் இங்கயே கொட்டிடறேன்.

இன்னும் சேரலையா? யுஜிசி 2022-ல கொண்டுவந்த நாலு வருஷ டிகிரி ஃப்ரேம்வொர்க்ல மொத ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் இருந்தா நாலாவது வருஷம் ரிசர்ச் எடுக்கலாம்னு இருக்கு, ஆனா நம்ம ஸ்டேட் யுனிவர்சிட்டி காலேஜ்ல மூணு வருஷம்தான், அதனால நாமளே போய் கதவைத் தட்டணும். ப்ரொஃபசருக்கு எழுதற மெயில்ல "எனக்கு சின்ன வயசுல இருந்தே அரசியல்ல ஆர்வம் சார்"னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க. அவரோட ஒரு ரிசர்ச் பேப்பரை முழுசா படிச்சிட்டு அதுல புரியாத ஒரு இடத்தைக் கேளுங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்னு சொல்லுங்க, முடிஞ்சிது. பத்து வரி போதும்.

சேர்ந்தப்புறம் பெரியாரியம், ஃபெடரலிசம்னு டீபேட் நடக்கும்னு நெனச்சிட்டு போவீங்க. கையில எக்செல் ஷீட்தான் வரும். மனசு விட்டுடாதீங்க, ஒரு பேப்பர் நிக்கிறதும் சாயிறதும் அந்த ஷீட்லதான்.

மொத மீட்டிங்ல கேக்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த ஷீட்ல ஒரு வரிசைன்னா என்ன? தொகுதியா, வேட்பாளரா, பூத்தா? இது தெரியாம நாலு நாள் என்ட்ரி போட்டு மொத்தமா அழிச்சவங்கள பாத்திருக்கேன். அப்புறம் எண்ணுங்க. தமிழ்நாடு சட்டசபை, 234 தொகுதி, எல்லாருக்கும் தெரியும், ஆனா 2016 மே மாச டேட்டாவ எண்ணினா 232-தான் வரும், ஏன்னா பணப் பட்டுவாடா புகார்ல அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளிப்போய் நவம்பர்லதான் ஓட்டு போட்டாங்க. 2019 லோக்சபால வேலூர் ஆகஸ்ட்லதான் நடந்துச்சு, ஏப்ரல் டேட்டால 38 தொகுதிதான் இருக்கும். ரெண்டு வரிசை காணோம்னா கம்ப்யூட்டர் தப்புன்னு நெனைக்காம பழைய நியூஸ் பேப்பரைப் புரட்டுங்க. இன்னொண்ணு, 2013-க்கு அப்புறம் வந்த டேட்டால நோட்டாவும் ஒரு வேட்பாளர் மாதிரியே ஒரு வரிசைல உக்காந்திருக்கும். அதை எடுக்காம வேட்பாளர் எண்ணிக்கை போட்டா தொகுதிக்கு ஒண்ணு கூடத்தான் வரும்.

சராசரி போடறதுக்கு முன்னாடி மொடக்குறிச்சிய நெனச்சுக்கோங்க. 1996-ல அந்த ஒரு தொகுதில மட்டும் 1033 பேர் நின்னாங்க, விவசாயிங்க போராட்டமா செஞ்சது, பேலட் பேப்பரே புஸ்தகம் மாதிரி அடிச்சாங்களாம். அந்த வரிசைய கவனிக்காம "96-ல தொகுதிக்கு சராசரியா இத்தனை பேர்"னு எழுதினா அந்த நம்பருக்கு அர்த்தமே கெடையாது. அதே மாதிரி 2006-ஐயும் 2011-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கம்பேர் பண்ணவே பண்ணாதீங்க, நடுவுல 2008-ல தொகுதி மறுவரையறை ஆயிடுச்சு. கொளத்தூரும் வேளச்சேரியும் 2011-லதான் மொத மொத ஓட்டு போட்ட தொகுதிங்க. பேர் மாறாத தொகுதிலயும் எல்லை மாறியிருக்கும், அதுதான் ஆபத்து, ஷீட்ல பாத்தா தெரியவே தெரியாது.

இப்போ என் மானம் போன கதை. மூணு தேர்தல் ஷீட்ட பேர வெச்சு இணைச்சேன், ஒருத்தர் மூணு தேர்தல்ல மூணு கட்சில நின்னிருக்காருன்னு கண்டுபிடிச்சு பெருமையா போய் காமிச்சேன். மேம் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "இது மூணு முருகன்மா"ன்னாங்க. நம்ம ஊர்ல இனிஷியலும் பேரும்தான், ஒரு வருஷம் இனிஷியல் முன்னாடி, அடுத்த வருஷம் பின்னாடி, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற ஆளாளுக்கு ஒரு மாதிரி. 2024-ல ராமநாதபுரத்துல ஓபிஎஸ் பலாப்பழம் சின்னத்துல நின்னப்போ அதே ஓ. பன்னீர்செல்வம்ங்கிற பேர்லயே இன்னும் சில பேர் நின்னாங்க, மெஷினுக்கு எல்லாரும் ஒரே ஆள்தான். அதனால பேரை மட்டும் நம்பாதீங்க, வேட்புமனுவோட குடுக்கிற அஃபிடவிட்ல இருக்கிற அப்பா பேர், வயசு, தொகுதி எல்லாத்தையும் சேத்து பாருங்க. வெளியூர் டீம் ஒண்ணுக்கு இது எளிசுல வராது, நமக்கு ஒரு பார்வைல பிடிபடும்.

பூத்வாரி கணக்கு வேணும்னா ஃபார்ம் 20, அதாவது ஒவ்வொரு பூத்துலயும் யாருக்கு எத்தனை ஓட்டுன்னு போட்டிருக்கிற ரிசல்ட் ஷீட். அது பல நேரம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பாதான் கிடைக்கும், கோணலா வேற இருக்கும், கையாலதான் அடிக்கணும். பழைய அரசாங்க ஃபைல காப்பி பண்ணி ஒட்டினா கோழி கிறுக்கல் மாதிரி வந்துச்சுன்னா பயப்படாதீங்க, அது வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது, கன்வர்ட்டர்ல போட்டு யுனிகோடா மாத்திட்டு ஒரு தடவை கண்ணால சரிபாருங்க. ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடற ஐடியா இருந்தா சேர்ந்த மொத வாரமே போட்டுடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. பதிலுக்கு 30 நாள் டைம், அதுக்கப்புறம் அப்பீல், அதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும்.

பேச்சு, அறிக்கை மாதிரி எதையாவது வகை பிரிக்கிற வேலைன்னா ரெண்டு பேர் தனித்தனியா பண்ணுவீங்க. 100-க்கு 90 ஒத்துப்போச்சுன்னு குதிக்காதீங்க. ரெண்டு பேருமே தலா 90 இடத்துல "இல்ல"ன்னு போட்டிருந்தா, கண்ண மூடிட்டு போட்டாலே 82 ஒத்துப்போகும். தற்செயலா ஒத்துப்போறத கழிச்சிட்டு பாக்கிற கோஹன் காப்பான்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல போட்டா 0.44-தான் வரும், அதாவது சுமார்தான். அப்போ தப்பு உங்க மேல இல்ல, பெரும்பாலும் வகைக்கு எழுதின விளக்கம் தெளிவா இல்லாம இருக்கும், போய் சொல்லுங்க, சார் கோவிச்சுக்க மாட்டாரு.

ஃபீல்டுக்கு அனுப்பினா டீக்கடைல நாலு பேர் நடுவுல "யாருக்கு ஓட்டு போட்டீங்க"ன்னு கேட்டுடாதீங்க. உண்மையும் வராது, அவருக்கும் சங்கடம். தேர்தல் சர்வே பண்ற லோக்நிதி டீம், டம்மி பேலட் (மாதிரி ஓட்டுச் சீட்டு) குடுத்து அவங்களே மார்க் பண்ணி பெட்டில போடச் சொல்லுவாங்க, அந்த முறைய காப்பி அடிக்கலாம். ஒரு ஊரு எப்படி பேசுதுன்னு பாக்க கிராம சபைக்குப் போங்க, 2022-ல இருந்து வருஷத்துக்கு ஆறு தடவைன்னு ஆக்கியிருக்காங்க. ஓரமா உக்காந்து யார் பேசறாங்க, யார் எழுந்திரிச்சும் பேச விடலன்னு குறிச்சாலே ஒரு பேப்பருக்கு மேட்டர் இருக்கு. ஆளுங்க பேர் மட்டும் நோட்ல வேணாம், நம்பர் போடுங்க.

ஒரு நோட்பேட் ஃபைல் தெறந்து தினமும் என்ன மாத்தினீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. பேப்பர்ல பேர் வருமா, நன்றில வருமா, எதுவுமே வராதாங்கிறத ஆரம்பத்துலயே கேட்டுடுங்க, கடைசில கேட்டா ரெண்டு பக்கமும் மூஞ்சி சுருங்கும். மாஸ்டர்ஸுக்கு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே கேளுங்க, கூடவே அந்த நோட்பேட் ஃபைல்ல இருந்து பத்து வரி எடுத்து அனுப்புங்க, நீங்க அரவக்குறிச்சிய கண்டுபிடிச்சது அவங்களுக்கு அதுக்குள்ள மறந்து போயிருக்கும்.