‘காசு’தான் ‘கேஷ்’ ஆனதா? சொல்லின் வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழின் காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ‘கெஸ்’ தெரிந்திருக்கும். பெட்டி என்று பொருள். கடையில் என்றால் கல்லா. பெட்டியைக் குறிக்கும் ‘கப்சா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்ததுதான் இன்றைய கேஷ். நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயரே இருக்கிறது.

அதற்காக, காசுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்வதும் தவறு. நம் காசு, போர்த்துகீசியர் வழியாக, ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ ஆனது. அது சிறு நாணயத்தின் பெயர். கிழக்கிந்திய கம்பெனி சென்னை மாகாணத்துக்கென 1808இல் வெளியிட்ட செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கும். ஒரே ஒலி, ஆனால் சொற்கள் இரண்டு.

எட்டு, எய்ட் ஜோடியையும் பலர் காட்டுவார்கள். இங்கே ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தையும் உறவு மொழிகளில் அதன் வடிவங்களையும் பார்க்க வேண்டும். ஜெர்மனில் அது ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’. அந்த ஒக்டோதான் பிரெஞ்சில் ‘உயித்’ ஆனது. பின்னோக்கிப் போகப் போக எட்டின் சாயல் மறைந்துவிடுகிறது.

அப்புறம், முதலெழுத்துக் கதைகள். நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆயிற்று என்பார்கள். அப்படி இல்லை. புதியது என்ற சொல்லின் பன்மைதான் அது. பிரெஞ்சிலும் செய்திகளுக்கு ‘நுவெல்’, அதாவது புதியவை, என்றுதான் பெயர்.

ஆங்கிலத்தின் ‘கேட்டமரான்’ நம் கட்டுமரத்திலிருந்து வந்ததுதான் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1697இல் வெளியான பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இதை ‘கேட்டமரான்’ என்கிறார்கள் என்று எழுதினார். சொல் எங்கே, எப்போது கைமாறியது என்பதற்கு இப்படி எழுத்துச் சான்று இருந்தால் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இன்றைய ஆங்கிலப் பொருளைத் தமிழ்ச் சொல்லின் மேல் ஏற்றிவிடக் கூடாது. இப்போது ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் பக்கம் பக்கமாக இரண்டு அடிப்பாகங்களை இணைத்த படகு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் ஓட்டிய பெரியவர் யாரும் அதைக் கட்டுமரம் என்று ஒப்ப மாட்டார். மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போய், கரை வந்ததும் அவிழ்த்து மணலில் உலரப் போடுவதுதான் அவருக்குக் கட்டுமரம்.