தீபாவளிக்கு மறுநாள் சம்பான் எடுக்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் தீபாவளி என்றால் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், படையல், கோயில், இட்லியும் ஆட்டுக்கறியும். அப்புறம் இரவு வரை வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆற்றுக்கு நேரம் கிடைப்பது மறுநாள்தான். கோலாலம்பூரிலிருந்து வந்த சித்தப்பா பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கிரியான் ஆத்துல ஒரு சுத்து போலாமா?" என்று கேட்பார்கள்.

போகலாம். ஆனால் வருடத்தில் எத்தனையோ நாள் இருக்க, இந்த நாளில் ஆறு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அதை நான் சேற்றில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தண்ணீர் வடிகிற நேரம் என்று தெரியாமல், நீப்பா மர ஓரமாக ஒதுங்கித் தூண்டில் போட்டோம். அரை மணி நேரத்தில் படகு சாய்ந்தது. "மச்சான், தண்ணி எங்கடா போச்சு?" என்று கூட வந்தவன் கேட்டபோது எங்களைச் சுற்றிச் சேறும் நண்டும்தான். தண்ணீர் திரும்பி வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையில் இருந்தது ஒரு போத்தல் அதிரசம், குடிக்கத் தண்ணீர் இல்லை.

படி 1: ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரம்)

தீபாவளி ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. அதாவது அமாவாசைக்கு முதல் நாள், அல்லது அமாவாசையன்றே. அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று கடலை இழுக்கின்றன. ஏற்றமும் இறக்கமும் அதிகமாக இருப்பது அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்து. கணக்குப் போட்டால் நாம் படகு எடுக்கிற நாள் அதை ஒட்டியே வந்து விழுகிறது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, அமாவாசை நவம்பர் 9. அந்த வாரம் முழுக்கப் பெரிய தண்ணீர்தான்.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே பினாங்குப் பக்கம் சுமார் 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். கிள்ளான் துறைமுகம் பக்கம் 4 மீட்டருக்கும் மேல். இவ்வளவு தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்றால் ஓட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் இருப்பது கடற்கரை நேரம். ஊருக்குள் ஏற்றம் அதைவிடத் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்று ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருப்பவரிடம் கேட்பதே நல்லது: "பாக்சிக், ஆயர் பாசாங் புக்கோல் பெராப்பா?" "ஐயா, தண்ணீர் ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று அர்த்தம். இந்த ஒரு மலாய் வாக்கியம் போதும். இன்றைக்குச் சொன்ன நேரத்தோடு சுமார் 50 நிமிடம் கூட்டினால் நாளைய நேரம்.

நீங்களே பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். ஜெட்டிக் காலில் ஈரச் சேறு பட்டையாகத் தெரிந்தால் தண்ணீர் வடிகிறது. சேறே தெரியாமல் காய்ந்த மரம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினால் ஏறுகிறது. மிதந்து வரும் தேங்காய் மட்டை ஒன்றைக் கவனியுங்கள். மேல்நோக்கி வரும், மெதுவாகும், ஒரே இடத்தில் சோம்பேறித்தனமாகச் சுற்றும். பிறகு கடல் பக்கம் திரும்பும். அந்தச் சுற்றுகிற நேரம்தான் உங்களுக்கு வேண்டியது.

படி 2: எப்போது கிளம்புவது

உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கிளம்பி, ஏறுகிற தண்ணீரோடு மேல்நோக்கி, பாரிட் புந்தார் திசையில் போங்கள். மட்டை சுற்றுகிற நேரத்தில் படகைத் திருப்புங்கள். வழியில் என்ஜின் நின்றுபோனாலும் வடிகிற தண்ணீர் உங்களை ஊர்ப்பக்கம் கொண்டு வரும். புதியவர்கள் கடல் பக்கம் போகவே வேண்டாம். வடிகிற தண்ணீரில் என்ஜின் கெட்டால் நேரே முகத்துவாரம்தான்.

இன்னொன்று, ஐப்பசி அடைமழை இங்கேயும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். ஆகவே உச்ச ஏற்றம் மாலையில் வருகிறது என்றால் அன்றைக்குப் படகை விட்டுவிடுங்கள். இடி காதில் விழுந்தால் கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆற்று நடுவில் உயரமான பொருள் நாம்தான்.

மின்மினி பார்க்க அமாவாசை இருட்டு அருமைதான். பெரெம்பாங் மரம் முழுக்க விளக்கு போட்ட மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு அனுபவமுள்ள படகோட்டிக்குக் காசு கொடுத்துப் போங்கள். மிதக்கும் கட்டை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

படி 3: சமையலறையிலிருந்து இரண்டு சாமான்

பலகாரம் சுட்டு முடித்ததும் 5 கிலோ எண்ணெய் போத்தல் காலியாக இருக்கும். மூடியைத் திறக்காமல், கைப்பிடி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பாகத்தைச் சாய்வாக அறுத்து எடுங்கள். படகில் ஏறும் தண்ணீரை இறைக்க இதைவிட நல்ல சாமான் கடையில் கிடைக்காது. சின்னக் கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள்.

அடுத்தது சிவப்பு மூடி முறுக்கு போத்தல். கைப்பேசி, கார் சாவியை உள்ளே போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். ஒரு கைப்பேசியை மட்டும் வெளியே வையுங்கள், 999க்கு அழைக்க.

மத்தாப்பு வேண்டாம். பெட்ரோல் தோங் (கலன்) காலடியில் இருக்கும்போது கம்பி மத்தாப்பைக் கொளுத்த வந்த ஒரு பையனை நான் கையோடு பிடித்திருக்கிறேன். பட்டு வேட்டியும் வேண்டாம், தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், உட்காரும் பலகைக்கு அடியில் அல்ல, உடம்பில்.

படி 4: ஏறுவது, ஓட்டுவது

படகின் அடித்துளைத் தக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பலர் மறப்பது இதைத்தான். படகின் நடுவில் கால் வைத்து, குனிந்து, ஒவ்வொருவராக ஏறுங்கள். கனமானவர் நடுவில்.

பெட்ரோலை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. பழைய டூ ஸ்ட்ரோக் என்ஜினில் 50க்கு 1 கலவை என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். அவசர நிறுத்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல், என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க வேண்டாம். நீங்கள் விழுந்தால் என்ஜினும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படகு உங்களையே சுற்றி வரும். என்ஜின் பின்னால் மெல்லிய தண்ணீர்க் கோடு பீய்ச்ச வேண்டும். அது நின்றால் உடனே அணையுங்கள், சூடேறுகிறது.

சேற்றில் தட்டினால் என்ஜினை அணைத்துத் தூக்குங்கள். எல்லோரையும் மிதக்கிற பக்கம் நகரச் சொல்லி, கழியால் வந்த வழியே தள்ளுங்கள். இறங்கித் தள்ள மட்டும் வேண்டாம், சேறு தொடை வரை இழுக்கும்.

படி 5: வந்த பிறகு

இது உப்புக் கலந்த தண்ணீர். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினை அதற்குள் இறக்கி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். முறுக்கு போத்தலைக் கழுவிக் காயவைத்து அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். எத்தனை போத்தல் என்று எண்ணி வைத்திருப்பார்.