நவீன பாலே பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவீன பாலே பார்த்துவிட்டு "ஒன்றும் புரியவில்லை" என்பவர்களில் பாதிப் பேர், கதையைத் தேடித் தேடியே ஆட்டத்தைத் தவறவிட்டவர்கள். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினின் 'அகான்' (1957) படைப்பில், பழைய பாலேக் கதைகளில் வருவதுபோல் இளவரசனும் இல்லை, அன்னப்பறவையும் இல்லை. பன்னிரண்டு பேர் கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடையில் வந்து இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கியின் இசைக்கு ஆடுகிறார்கள். கதை இல்லை என்பதால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? முதல் அரங்கேற்றத்தின் இணை நடனத்தை ஆடியவர்கள் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணும் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பின ஆணும். இருவரின் உடல்களும் அத்தனை நெருக்கமாகப் பின்னிப் பிணைவதை மேடையில் காட்டுவது அன்றைய அமெரிக்காவில் துணிச்சலான காரியம். நிகழ்ச்சித் தாளில் கதைச்சுருக்கம் தேடிக்கொண்டிருப்பவரின் கண்ணில் இது படாது.

நேர் எதிரான தவறும் உண்டு: மேடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் தத்துவம் கற்பிப்பது. வில்லியம் ஃபோர்சைத் 1987-இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்கு அமைத்த ஒரு படைப்பில், மேடைக்கு மேலே இரண்டு பொன்னிறச் செர்ரிப் பழங்கள் தொங்கும். ஏதேன் தோட்டம் வரை போய் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 'நடுவில், சற்று உயரத்தில்' என்ற அதன் தலைப்பே அவை தொங்கும் இடத்தைத்தான் சொல்கிறது. அங்கே பார்க்க வேண்டியது ஆடுபவர்களின் இடுப்பை. பழைய பாலேயின் அசைவுகளையே எடுத்து, விழுந்துவிடுவார்களோ என்று நாம் பதறும் அளவுக்குச் சாய்த்திருப்பார்.

இனி, அரங்கை விட்டு வெளியே வந்ததும் தொடங்கும் சண்டை. ஒருவர் "குப்பை" என்பார். இன்னொருவர் உடனே 1913-ஐ இழுத்துவருவார். அந்த மே 29 அன்று பாரிஸில் ஸ்டிராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி நடனம் அமைத்த 'வசந்தச் சடங்கு' அரங்கேறியபோது பார்வையாளர்கள் போட்ட கூச்சலில் இசையே கேட்கவில்லை. மேடையின் பக்கவாட்டில் நின்று நிஜின்ஸ்கி கத்திக் கத்தித் தாளம் எண்ணினார். "அன்று திட்டியதை இன்று மேதைமை என்கிறோம், ஆகவே இதையும் திட்டாதே" என்பது வாதம். எனக்கு மிகவும் சலிப்பூட்டும் வாதம் இதுதான். கூச்சலில் மூழ்கிய படைப்புகளில் பெரும்பாலானவை மூழ்கியபடியே போய்விட்டன என்பதை இவர்கள் சொல்வதில்லை. அந்த 1913 கதையேகூட இவர்களுக்கு முழுதாகத் துணை நிற்காது. மறு ஆண்டே அந்த இசை பாரிஸில் கச்சேரியாக ஒலித்து, ஸ்டிராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். நிஜின்ஸ்கியின் நடனமோ சில முறைகளே ஆடப்பட்டு மறைந்துபோனது. குறிப்புகளையும் ஓவியங்களையும் நினைவுகளையும் சேர்த்து அதை மீண்டும் மேடையேற்ற 1987 வரை ஆயிற்று. அன்று கூச்சலிட்டவர்கள் இசையை வெறுத்தார்களா, நடனத்தையா என்றே இன்னும் வாதிடலாம்.

"எந்த இடத்தில் உனக்குப் பிடிக்காமல் போனது?" என்று கேட்டாலே சண்டை பாதி தணியும். நடன அமைப்பாளர் மாட்ஸ் ஏக் 1982-இல் 'ஜிசெல்' என்ற பழைய பாலேயின் இரண்டாம் பாதியை ஆவிகளின் காட்டிலிருந்து மனநல மருத்துவமனைக்கு மாற்றினார். கெடுத்துவிட்டார் என்பவரும் புரட்சி என்பவரும் பெரும்பாலும் அந்த யோசனையைப் பற்றியே பேசுகிறார்கள். பழைய பாலேயில் காற்றில் மிதந்த நாயகி ஜிசெல் இங்கே வெறுங்காலோடு தரையை அழுத்தி ஆடுகிறாளே, அது பலித்ததா என்று பேசினால் இருவருமே வேறு வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கும்.

பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதை விமர்சகர்களும் செய்திருக்கிறார்கள். 1994-இல் பில் டி. ஜோன்ஸின் நவீன நடனமான 'ஸ்டில்/ஹியர்' உயிர்க்கொல்லி நோயுற்றவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு உருவானது. அதைப் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டே ஆர்லீன் குரோச்சே 'நியூ யார்க்கர்' இதழில் கடுமையாக எழுதினார். இரக்கத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வரும் கலையை எப்படி விமர்சிப்பது என்ற அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் மேடையில் ஆடியவர்கள் நோயாளிகள் அல்லர், பயிற்சி பெற்ற நடனக் கலைஞர்கள். அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதைப் பற்றி அந்தக் கட்டுரையால் எதுவும் சொல்ல முடியவில்லை.