கான்ஜி எழுத்துகளை எந்த வரிசையில் கற்பது?

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து ஜப்பானிய மொழி படிக்கும் ஒருவருக்கு, ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2,136 கான்ஜிகளை, அதாவது சீனத்திலிருந்து வந்த பொருள் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்ததும் மலைப்புத் தட்டுவது இயல்பு. ஹிராகனா, கத்தகானா என்னும் ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் தடுமாறாமல் வாசிக்க வந்த பிறகே இவற்றைத் தொடுங்கள்.

முதலில், ஜப்பானியப் பள்ளி வரிசையை அப்படியே பின்பற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தொடக்கப்பள்ளியின் ஆறு வகுப்புகளில் 1,026 கான்ஜிகள் கற்பிக்கப்படுகின்றன. அந்த வரிசை, மொழியை ஏற்கெனவே பேசும் குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது; ஆகவே பூச்சியும் சிப்பியும் முதல் வகுப்பிலேயே வந்துவிட, நமக்கு முதல் பாடத்திலேயே வேண்டிய ‘நான்’ ஆறாம் வகுப்பில்தான் வருகிறது.

அடுத்து, கிழமைகளுக்கு உரிய சூரியன், நிலா, தீ, நீர், மரம், பொன், மண் ஆகிய ஏழையும் எழுதிப் பழகுங்கள். இவற்றோடு சேரும் ‘யோ’ என்னும் கான்ஜிக்கு 18 கோடுகள். அது பிறகு வரட்டும். மரத்துக்கு நான்கே கோடுகள். இரண்டு மரங்கள் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு, மரத்துக்கு இடப்பக்கம் மனிதன் நின்றால் ஓய்வு. சூரியனும் நிலாவும் சேர்ந்தால் வெளிச்சம்.

இனி உங்கள் பாடநூலின் சொற்பட்டியலே வரிசையைத் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு சொல்லின் கான்ஜியிலும் தெரியாத உறுப்பு, அதாவது அதன் பகுதி, எது என்று பார்த்து, அதை மட்டும் முந்தைய நாளே கற்றுக்கொள்ளுங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் ‘ஜி’யில் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் கோயில், அந்தக் கோயிலின் மேற்பாதி நீங்கள் முன்பே எழுதிய மண். கோயிலுக்கும் ‘ஜி’ என்ற ஒலி உண்டு என்பதால் உச்சரிப்பும் நினைவில் நிற்கும். சிப்பியையும், ‘வாங்கு’ என்ற சொல் வரும்போது படித்தால் போதும். சிப்பி ஒருகாலத்தில் பணமாகப் புழங்கியதால் செலவு, சேமிப்பு ஆகியவற்றின் கான்ஜிகளிலும் அது உண்டு. அகராதிகளில் உள்ள 214 உறுப்புகளையும் முதலிலேயே மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

காசிமேட்டுக்காரர்களுக்கு மீன் பெயர்களில் தொடங்க ஆசை வரலாம். ‘மீன்’ அவசியம்தான், ஆனால் சூரை, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் கான்ஜிகள் அந்த 2,136-க்குள்ளேயே இல்லை.

ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010-இல் தேர்வு மாற்றியமைக்கப்பட்ட பின் அதிகாரபூர்வமான கான்ஜிப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை; கடையில் கிடைப்பவை கணிப்புகளே என்பதால், தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன், விடுபட்டவற்றைச் சரிபார்க்க மட்டும் அவற்றை எடுங்கள்.