ஜிபிஏ-ல ஐபிஎஸ் ஸ்கிரீன் போட்டும் ஓடலையா? சால்டரிங் அயர்னை கீழ வச்சிட்டு முதல்ல மல்டிமீட்டரை எடுங்க

நின்டெண்டோவோட கையில பிடிச்சு விளையாடுற கேம் பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) 2001ல வந்தப்போ கேம்ஸ் எல்லாம் அவ்ளோ அருமையா இருந்துச்சு, ஆனா ஸ்கிரீன்ல பேக்லைட்டே கிடையாது, ட்யூப்லைட்டுக்கு அடியில உக்காந்து சாய்ச்சு சாய்ச்சு பிடிச்சாதான் கண்ணுக்கு தெரியும். அதனாலதான் இன்னைக்கு எல்லாரும் ஐபிஎஸ் கிட், அதாவது பேக்லைட் உள்ள புது ஸ்கிரீன் செட், வாங்கி மாத்துறாங்க. படம் வர்றதுக்கு ரிப்பன் (தட்டையான கேபிள்) சொருகினாலே போதும், சால்டரிங் வேணும்னா அது பிரைட்னஸ் கூட்டி குறைக்க மூணே மூணு வயருக்குத்தான். அதை போர்டுல இருக்க டெஸ்ட் பாயின்ட்ல (டிபி), அதாவது சின்ன செம்பு வட்டத்துல வைக்கணும்: செலக்ட் பட்டனுக்கு டிபி2, ஆர் பட்டனுக்கு டிபி8, எல் பட்டனுக்கு டிபி9, போர்டுலயே பேர் எழுதியிருக்கும். செலக்ட்டை அழுத்தி பிடிச்சுக்கிட்டு எல், ஆர் தட்டினா வெளிச்சம் மாறும்.

நான் முதல்ல பண்ண போர்டுல பிரைட்னஸ் மாறவே இல்ல. உடனே ஈயம் சரியா பிடிக்கலன்னு நானே முடிவு பண்ணி டிபி8-ஐ திரும்ப திரும்ப சூடு பண்ணேன், நாலாவது தடவை வயரை எடுக்கும்போது அந்த செம்பு வட்டமே வயரோட சேர்ந்து உரிஞ்சு வந்துடுச்சு. அப்புறம் மீட்டர் வச்சு பாத்தா டிபி8 ஜாயின்ட்ல ஒரு குறையும் இல்ல, வயரோட இன்னொரு முனை ஸ்கிரீன் பக்கம் ரப்பருக்குள்ளயே அறுந்து கிடந்துச்சு. அதனால கோளாறு எங்கன்னு தெரியாம அயர்னை போர்டுல வைக்கவே வைக்காதீங்க, இந்த போர்டுல டெஸ்ட் பாயின்ட் எல்லாம் ரொம்ப சின்னது, சூடு தாங்காது.

ஆன் பண்ணா பவர் லைட்டே எரியலையா, உடனே பேட்டரியை கழட்டுங்க. பவர் ஸ்விட்ச்சை ஆன்ல வச்சிட்டு, மீட்டரை ஓம்ஸ்ல போட்டு பேட்டரி ப்ளஸ் மைனஸ் தகடு ரெண்டுலயும் வைங்க. சைபர் பக்கத்துலயே நின்னா எங்கயோ ஷார்ட், நீங்க ஈயம் வச்ச இடத்தை லென்ஸ் வச்சு பாருங்க, ஒரு மயிரிழை ஈயம் பக்கத்து பாயின்டை தொட்டுக்கிட்டு இருக்கும் இல்லன்னா வெட்டிப்போட்ட வயர் துணுக்கு உள்ள கிடக்கும். ரீடிங் மெதுவா ஏறிக்கிட்டே போனா பயப்படாதீங்க, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது அவ்ளோதான். ஷார்ட் இல்லன்னா ஃப்யூஸை பாருங்க, போர்டுல எஃப்-னு ஆரம்பிக்கிற பேர் போட்டிருக்கும், மீட்டரை பீப் மோடுல (கன்டினியூட்டி) போட்டு ரெண்டு பக்கமும் வச்சா பீப் வரணும். பீப் வரலன்னா ஃப்யூஸ் போயிடுச்சு, ஃப்யூஸ் போயிருந்தா பேட்டரி தகடுல ஷார்ட் தெரியாது, அதனால ஈயம் வச்ச இடத்தை எப்படியும் பாருங்க, ஷார்ட்டை சரி பண்ணாம புது ஃப்யூஸ் போட்டா அதுவும் போகும்.

சத்தம் வருது, படம் வரலன்னா அது சால்டரிங் பிரச்சனையா இருக்க வாய்ப்பு குறைவு. இந்த மெஷின்ல 40 பின், 32 பின்னு ரெண்டு வகை போர்டு இருக்கு, கிட்டோட பெரும்பாலும் ரெண்டுக்கும் கேபிள் குடுப்பாங்க, மாத்தி சொருகியிருக்கீங்களான்னு பாருங்க. அப்புறம் கனெக்டர் லாக்கை திறந்து, ரிப்பனை கோணாம நேரா உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் லாக்கை மூடுங்க. ஷெல்லை (வெளி பிளாஸ்டிக் கூட்டை) மூடின பிறகு படம் கோடு கோடா வந்தா அதை திறந்து வச்சே ஆன் பண்ணுங்க, அப்போ படம் நல்லா வந்தா ரிப்பன் எங்கயோ நசுங்குது, ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கியிருக்கீங்க இல்லன்னா உள்ள பிளாஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் வெட்டணும்.

இப்போ அந்த மூணு வயர். இங்க கேமே உங்களுக்கு டெஸ்டர் மாதிரி. பட்டன் அழுத்தினா அந்த லைன் கிரவுண்டுக்கு போகுது, இந்த மெஷின்ல பட்டன் எல்லாம் அப்படித்தான் வேலை செய்யுது. அதனால கேம்ல ஆர் பட்டன் நல்லா வேலை செஞ்சு பிரைட்னஸ் மட்டும் மாறலன்னா போர்டு நல்லா இருக்கு, வயரையும் அதோட ரெண்டு முனையையும் பாருங்க. கேம்ல யாரோ ஆர் பட்டனை அழுத்திப் பிடிச்ச மாதிரியே இருந்தா டிபி8 கிரவுண்டை தொட்டுக்கிட்டு இருக்கு. எல் அழுத்தினா ஆரும் சேர்ந்து வேலை செஞ்சா டிபி8, டிபி9 ரெண்டும் ஒட்டிக்கிச்சு, கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஓட உதவுற பசை) தடவி சுத்தமான பிட்டை (அயர்ன் நுனியை) நடுவுல இழுத்தாலே பிரிஞ்சிடும், இல்லன்னா செம்பு பின்னல் வச்சு ஈயத்தை உறிஞ்சுங்க.

திரும்ப வைக்கணும்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் அயர்ன். பேட்டரியை கழட்டிட்டுதான் இதெல்லாம். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரிலயே உருகும், அதனால பிட் 320லருந்து 350 டிகிரி போதும். டெம்பரேச்சர் மாத்த முடியாத சாதா 25 வாட் அயர்ன்னாலும் கூரான பிட் போட்டு பண்ணலாம், ஆனா ரெண்டு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. வயர் முனைக்கு முன்னாடியே ஈயம் பூசிடுங்க, பாயின்ட்லயும் ஒரு பொட்டு வைங்க, அப்புறம் ரெண்டையும் சேர்த்து ஒரு தொடல், ஊதாதீங்க, ஆடாம பிடிங்க. வயர் 30 ஏடபிள்யூஜி (மெல்லிசு வயர் அளவு) எடுங்க, தடி வயர்னா ஷெல் மூடும்போது பாயின்டை இழுத்து உரிச்சிடும். ஃப்ளக்ஸ் எலக்ட்ரானிக்ஸுக்குன்னே கேட்டு வாங்குங்க, பைப் ஒட்டுற ஆசிட் பேஸ்ட் செம்பை அரிச்சிடும். ஜன்னலை திறந்து வைங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, அதுல காரீயம் இருக்கு.

பாயின்ட் உரிஞ்சே போச்சா, எல், ஆர் ரெண்டுக்கும் கவலை வேண்டாம், அந்த ஸ்விட்ச்சோட கால் போர்டுல பெருசாவே இருக்கும், சிக்னல் வர்ற கால் எதுன்னு மீட்டர்ல பாத்து அதுலயே வயரை வைங்க, நானும் அப்படித்தான் மீட்டேன். செலக்ட்டுக்கு அப்படி கால் கிடையாது, டிபி2-லருந்து போற கோட்டை பிடிச்சுக்கிட்டே போய் மேல இருக்க பச்சை பூச்சை பிளேடு நுனியால லேசா சுரண்டி செம்பு தெரியற இடத்துல வைங்க. ரப்பர் பட்டன் வந்து அழுத்துற கருப்பு இடத்துல மட்டும் ஈயம் படவே கூடாது.

கடைசியா எல்லாம் வேலை செஞ்சும் வெளிச்சத்தை கூட்டினா பவர் லைட் சிவப்பா மாறுது, சில சமயம் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா, அது உங்க ஜாயின்ட் இல்ல. புது ஸ்கிரீன் கரண்ட் அதிகம் இழுக்கும், இத்தனை வருஷமா அழுக்கு பிடிச்ச பவர் ஸ்விட்ச்ல வோல்டேஜ் இறங்கிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு ஸ்விட்ச்சை ஒரு இருபது முப்பது தடவை முன்னாடி பின்னாடி தள்ளுங்க, நல்லா காயவிட்டு, புது ஆல்கலைன் பேட்டரி போட்டு பாருங்க. ரீசார்ஜ் பேட்டரி ஒண்ணு 1.2 வோல்ட்தான், ரெண்டும் சேர்ந்தே 2.4, அதுல லைட் கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், அதுக்காக திரும்ப போர்டை கழட்ட வேண்டாம்.