தோட்டத்தில் வினாக்கொத்து வழங்குமுன்
மலையகத் தோட்டங்களில் உளவியல் ஆய்வு செய்யும் மாணவர்கள், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரொன்பாக் அல்பா என்ற எண் 0.70ஐத் தாண்டியதுமே தமது வினாக்கொத்து சரியானதென்று முடிவுசெய்துவிடக் கூடாது. அது நம்பகத்தன்மையின், அதாவது விடைகள் சீராக இருப்பதன், ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. நாள் முழுதும் செங்குத்தான மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு பெண்ணிடம் ‘அடிக்கடி களைப்பாக உணர்கிறீர்களா?’ என்று கேட்டால், இரண்டு வாரம் கழித்தும் அவர் ‘ஆம்’ என்றே சொல்லக்கூடும். ஆனால் அந்த விடை மனச்சோர்வைக் குறிக்கிறதா, வேலைப்பளுவைக் குறிக்கிறதா என்பதே செல்லுபடித்தன்மை (அளக்க நினைத்ததையே வினா அளக்கிறதா என்பது) பற்றிய கேள்வி. இதைப் பலர் பொருட்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது. எனவே தரவு சேகரிக்குமுன், கங்காணியோ உத்தியோகத்தரோ அருகில் இல்லாத இடத்தில், சிலரிடம் ஒவ்வொரு வினாவையும் வாசித்துக் காட்டி, ‘இதை எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.